கரி என்று நான் சொன்னது

வண்டியைப் பார்த்தவுடன் காரணம் சொல்லிவிடுகிற மெக்கானிக்குக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. எனக்கும் இருந்தது. காஞ்சிபுரம் ஒலிமுகமது பேட்டையில் நான் பட்டறை போட்ட புதிதில், வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறாகப் போனதை நானும் வெளியே சொல்லமாட்டேன், வண்டிக்காரருக்கும் தெரியாது. ஆக, நான் கெட்டிக்காரன் என்பதில் எனக்கும் ஊருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இப்போது வண்டியில் ஒரு ஒயரைச் செருகுகிறீர்கள், திரையில் எழுத்து வருகிறது. நல்லதுதான். ஆனால் திரையில் வருவதையும் நீங்கள்தான் வாயைத் திறந்து வண்டிக்காரரிடம் சொல்லவேண்டும். நான் சொல்லப்போவது அந்த வாயைப் பற்றி. அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டபோது, நான் பேர் வாங்கிய வேலைகளில் ஒன்றை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, எனக்குத்தான் கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்ப் பட்டு முதலாளி ஒருவர் வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார். மதராஸில் வேலை பார்த்த ஏதோ ஒரு நாட்டு அதிகாரி ஊர் திரும்பும்போது ஏலத்துக்கு வந்த வண்டி. அதில் டர்போ இருந்தது. இன்றைக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டியில்கூட டர்போ இருக்கிறது. அன்றைக்கு எங்கள் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொரு டர்போ கார் கிடைத்திருக்காது. எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அந்தத் தண்டு சுற்றுவது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். எண்ணெய் வரவில்லை என்றால் தண்டின் கதை அதோடு முடிந்தது.

குளிர்நாட்டுக்காகச் செய்த வண்டி அது. எண்ணெயைக் குளிரவைக்கத் தனியாக ஒன்றும் கிடையாது. அவர்கள் ஊர்க் காற்றே போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நம் சித்திரை வெயிலில் மதராஸுக்குப் போய்த் திரும்பினால் எண்ணெய் தண்ணீராக இளகிவிடும். இதை முதலில் கவனித்தவர் டிரைவர் ஏழுமலை. ஓரிக்கைக்காரர், விவசாயக் குடும்பம், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்.

"பாய், வாலாஜாபாத் தாண்டறதுக்குள்ள பிரஷர் முள்ளு படுத்துக்கினே வருதுபா. எனக்கு பயமா இருக்குது" என்றார்.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு எண்ணெய் அழுத்தத்தைக் காட்ட அப்படி ஒரு முள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

வண்டி வந்த நாளிலேயே நான் ஏழுமலைக்கு ஒரு விதி சொல்லியிருந்தேன். வேகமாக ஓடி வந்தால் உடனே சாவியைத் திருப்பி அணைக்கக்கூடாது. சும்மா ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகுதான் அணைக்கவேண்டும். சூட்டோடு அணைத்தால் உள்ளே நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகி, வழியை அடைத்துவிடும். ஏழுமலை அதைச் சாமிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி கடைப்பிடித்தார். வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, உதடு அசைய இருநூறு வரைக்கும் எண்ணுவார். பிறகுதான் அணைப்பார். முதலாளி இறங்கி நின்று, "இன்னாபா, மந்திரம் முடிஞ்சுதா?" என்று கேலி செய்வார்.

எண்ணெய்க் கூலர் ஒன்று வைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மதராஸ் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் அலைந்து, ராணுவம் கழித்துவிட்ட ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய கூலர் ஒன்றைப் பிடித்தேன். சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். எங்கள் அத்தா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர். பற்றவைப்பது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்த வேலை. கூலரின் பழைய வாய்களை அறுத்துவிட்டு, இந்த வண்டியின் குழாய்க்குப் பொருந்துகிற மாதிரி புதிய வாய்கள் வைத்துப் பற்றினேன். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வண்டி வேலைக்கு வரப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை கூலருக்குள் தூசி போகாமலிருக்க, இரண்டு வாயிலும் வேஸ்ட்டைத் திணித்து வைத்தேன். வேறு ஊர்ப் பட்டறைகளில் வேஸ்ட் என்றால் பருத்தி நூல் கழிவு. எங்கள் ஊரில் அப்படியில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் தறி. அறுந்த இழையும் சிக்கு விழுந்த நூலுமாகப் பட்டுக் கழிவு கூடை கூடையாகக் கிடைக்கும். கை துடைக்கப் பருத்தியைவிட மெத்தென்று இருக்கும். உலகத்திலேயே பட்டில் கிரீஸ் துடைத்த மெக்கானிக்குகள் நாங்களாகத்தான் இருப்போம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வண்டி வந்ததும் அந்தப் பட்டுத் திணிப்பை இழுத்து எடுத்தேன், குழாயைப் பூட்டினேன். பட்டு லேசில் அறுகிற இழையில்லை. ஆனால் நான் வைத்த பற்றின் உள்விளிம்பு அரம் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. அதில் மாட்டிக்கொண்டு எத்தனை இழை உள்ளேயே நின்றது என்று நான் பார்க்கவில்லை. ஒரு தடவை விளக்கு அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குழாய் நீளம் மிச்சமாகும் என்று கூலரை எண்ணெய் வடிகட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். கூலரிலிருந்து எது கிளம்பினாலும் இனி அதை நிறுத்த வழியில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து ஒரு சிறு கிளைக் குழாய் நேராக டர்போவுக்குப் போயிற்று.

முதல் ஒரு மாதம் வண்டி அருமையாக ஓடியது. முள் அசையவில்லை. கடைத்தெருவில் முதலாளி என்னைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு ஊரில் பாதிக் கார்கள் என் பட்டறைக்கு வந்தன.

பிறகு ஒருநாள், மதராஸிலிருந்து திரும்பும்போது சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் டர்போ ஊளையிட்டது. பின்னால் நீலப் புகை கிளம்பியது, வண்டி இழுவை இல்லாமல் ஓய்ந்துபோனது. முதலாளி வண்டிக்குள் இருந்தார். ஒரு கல்யாண வீட்டுக்காரரைப் பார்க்கவேண்டிய அவசரம் அவருக்கு. லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. வெயிலில் வந்த முகத்தோடு என் தலைமாட்டிலேயே நின்றார். ஏழுமலை கொஞ்சம் தள்ளி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

டர்போவைக் கழற்றினேன். தண்டு இறுகியிருந்தது. எண்ணெய் வரும் துளையைப் பார்த்தேன். பட்டாணி அளவுக்குக் கறுப்பாக ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கம்பியால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். விரலில் பட்டதும் ஓரம் பொடிந்தது.

"இன்னா பாய் அது?" என்றார் முதலாளி.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று பார்க்கவேண்டும். ஒரு மெக்கானிக், அவன் கையில் ஒரு கறுப்பு உருண்டை, எதிரில் பதில் கேட்கும் பெரிய மனிதர். கைக்கெட்டும் தூரத்தில் பெட்ரோல் கிண்ணம் இருந்தது. அதில் போட்டு அலசிவிட்டுச் சொல்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், கேட்டவுடன் காரணம் சொல்கிற ஆள் என்ற பேர் என்ன ஆவது?

"கரிதாங்க. எண்ணெய் கருகி அடைச்சிருக்குது" என்றேன்.

"எப்படிக் கருகும்? அதுக்குத்தானே கூலர் வெச்சே?"

"சூட்டோட அணைச்சா கருகும்."

அவ்வளவுதான் பேசினேன். ஏழுமலையின் பேரை நான் எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய தேவையும் இல்லை, அணைப்பது அவர் ஒருவர்தான். முதலாளி திரும்பி அவரைப் பார்த்தார்.

"நான் அணைக்கலிங்க" என்றார் ஏழுமலை. "எண்ணாம ஒரு நாளும் அணைச்சதில்லிங்க."

"அப்ப பாய் பொய் சொல்றாரா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷம் மனப்பூர்வமாக நம்பினேன். அதனால் நிமிர்ந்தே நின்றேன். ஏழுமலை சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்து போனார். பேட்டைத் தெருவில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பெஞ்சைச் சுத்தம் செய்தபோது அந்த உருண்டை ஒரு தகர மூடியில் கிடந்தது. காரணமே இல்லாமல் அதைப் பெட்ரோலில் போட்டேன். கரி பெட்ரோலில் கரையாது, அப்படியே கிடக்கும். இது கரையவும் இல்லை, அப்படியே கிடக்கவும் இல்லை. மெல்ல விரிந்தது. ஊசியால் பிரித்தேன். இழை இழையாக வந்தது. ஓரத்தில் மட்டும்தான் கருகல். நடுவில் அழுக்கு போனதும் நிறம் தெரிந்தது. அரக்கு. முகூர்த்தப் புடவைக்குப் போடுகிற அரக்கு.

கூலரைக் கழற்றி வாயில் விளக்கு அடித்துப் பார்த்தேன். பற்றின் விளிம்பில் இன்னும் நாலைந்து அரக்கு இழைகள் சிக்கியிருந்தன.

அன்றைக்கே முதலாளியிடம் போயிருக்கவேண்டும். கடை என் பட்டறையிலிருந்து நடக்கிற தூரம்தான். போகவில்லை. முதல் நாள் கையில் வேலை இருந்தது. இரண்டாம் நாள் முதலாளி ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டேன், விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகையில் நின்றபோது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, சனிக்கிழமை சொன்னால் என்ன என்று தோன்றியது. அவர் சொல்லித்தானே இத்தனை வண்டி வருகிறது, அவரே வாயைத் திருப்பினால் பட்டறை என்ன ஆகும் என்று ஒரு பயம். டிரைவர் வேலைக்கா பஞ்சம், ஏழுமலைக்கு வேறு இடம் கிடைத்திருக்கும் என்று ஒரு சமாதானம். இப்படி ஒன்பது நாள் ஓட்டினேன். டர்போவைத் தனியே ஒதுக்கிவிட்டு வண்டியைச் சாதா எஞ்சினாக ஓடவைத்து அனுப்பியதும் அந்த ஒன்பது நாளுக்குள்தான். அதற்கும் முதலாளி என்னைப் பாராட்டினார்.

ஒன்பதாம் நாள் எங்கள் ஊர் பஸ் முதலாளி ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவருடைய இரண்டு பஸ்ஸுக்கும் நான்தான் வேலை பார்த்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"அந்த ஏழுமலை என்கிட்ட வேலை கேட்டு வந்தான் பாய். நல்லாத்தான் ஓட்டுவான். ஆனா கார் எஞ்சினையே கருக்கிட்ட ஆளாமே? நீதான் சொன்னியாமே. அதான் வேணாம்னு அனுப்பிட்டேன். வேற ரெண்டு எடத்துலயும் அதே பதில்தானாம்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "அவர் கருக்கலிங்க. என் வேலைதான் அது. கூலர்ல நான் விட்ட நூலு" என்றேன். தகர மூடியைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் ஒரு தரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வரச்சொல்லு அவனை" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. முடிந்த சுலபத்தில் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அங்கிருந்து பட்டுக்கடைக்குப் போனேன். முதலாளி அந்த நூலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பட்டைத் தொட்டால் அவருக்குத் தெரியாதா?

"சரி, விடு பாய். ஆளை மாத்தியாச்சு" என்றார்.

"அவரைத் திரும்பக் கூப்பிடலாமே?"

"கூப்பிட்டா, நாளைக்கு என் பேச்சை எவன் மதிப்பான்? நீ உன் வேலையப் பாரு. அடுத்த வாரம் தம்பி வண்டி வருது, பிரேக்கு சரியில்ல."

இதையும் கவனியுங்கள். என் தப்புக்கு என்மேல் ஒரு தூசிகூடப் படவில்லை. நான் பயந்ததில் ஒன்றும் நடக்கவில்லை, வாடிக்கையும் போகவில்லை. அந்த முதலாளி கெட்டவரும் இல்லை. அவருக்கு மெக்கானிக் கிடைப்பது கஷ்டம், டிரைவர் கிடைப்பது சுலபம், அவ்வளவுதான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன். அவருக்குச் சொல்ல பஸ் ஓட்டும் வேலை ஒன்று கையில் இருந்ததால்தான் போனேன். வெறுங்கையோடு போகத் தைரியம் வந்திருக்காது. ஏழுமலை யாருடைய நிலத்திலோ வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வா பாய்" என்றுதான் சொன்னார்.

மூடியைத் திறந்து நூலைக் காட்டினேன். எங்கிருந்து வந்தது, எப்படி அடைத்தது என்று முழுக்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் அணைக்கலியா பாய்?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "நீங்கதானே அண்ணே அன்னிக்கே அணைக்கலன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசிச்சுக்கினே இருந்தேன். நீ வேல தெரிஞ்ச ஆளு, நீ சொன்னா சரியாத்தான இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ல மொதலாளி டீ குடிக்க எறங்குனாரு. அப்ப எண்ணுனேனா, எண்ணலியா? ஒரு நாள் நெனச்சா எண்ணுன மாதிரி இருக்குது, ஒரு நாள் நெனச்சா எண்ணாத மாதிரி இருக்குது. கடைசில நான்தான் மறந்து அணைச்சிருப்பேன்னு ஆயிடுச்சுபா."

ஒரு மனிதனுக்கு வேலை போனால் இன்னொரு வேலை தேடித் தந்துவிடலாம். அவர் கையே செய்யாததைச் செய்ததாக அவரை நம்பவைத்திருந்தேன் நான். அதுவும் உள்ளங்கையில் இருந்ததை அலசிக்கூடப் பார்க்காமல். அந்த வரப்பில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, அழுதால் அவர்தான் என்னைத் தேற்றியிருப்பார்.

பஸ் வேலையைச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு, "வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ பாய்" என்றார். "நான்தான் செஞ்சேன்னு அவகிட்ட அடிச்சு சொல்லிட்டேன். இப்ப இல்லன்னு நான் சொன்னா நம்பமாட்டா."

வீட்டில் அவர் மனைவி நெல் புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்குத் தெரியும் பாய், இவர் செஞ்சிருக்க மாட்டார்னு. சொன்னா கேக்கல. சோறு எறங்கல இந்த மனுஷனுக்கு. ராவுல எழுந்து ஒக்காந்துக்கினு வெரலை மடக்கி மடக்கி எண்றாரு. உங்களுக்கு இது எப்ப தெரிஞ்சுது?"

"நேத்துதான்மா" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் இளகியது. "தெரிஞ்ச மறுநாளே சைக்கிள் மிதிச்சுக்கினு இம்மா தூரம் வந்திருக்கீங்க. இந்தக் காலத்துல யாரு பாய் வராங்க?" என்று உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். குடித்தேன். ஏழுமலையும் என்னை நன்றியோடுதான் பார்த்தார்.

இந்தக் கதையை நான் பட்டறையில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கையில் எடுத்ததை அலசாமல் பேர் வைக்காதே, வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கும்போது காரணம் சொல்லாதே, பழைய கூலரை வடிகட்டிக்கு முன்னால் வை என்று பாடமும் சொல்வேன். உண்மை தெரிந்த மறுநாளே ஓரிக்கைக்கு ஓடினேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் என்னை நல்ல மனிதன் என்றார்கள். ஒன்பது நாளை இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். ஏழுமலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்று, காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்த அம்மாவும் போன தை மாதம் போய்விட்டார். அவர்கள் இருந்தவரை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வீட்டு வாசலைக் கடந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள்.